தாமே தேர்ந்த திருப்பெயர்

ஒருவருக்குப் பெயரிடும் உரிமை பெரும்பாலும் பிறரிடமே இருந்து வருகின்றது. அதிலும் பெண்ணாய்ப் பிறந்தோர்க்குப் பருவந்தோறும் ஒவ்வொரு பெயர் வந்து சேர்கின்றது. இன்னார் மகள் என்பர். பின்னர் இன்னார் மனைவி என்பர். அதன்பின் இன்னார் தாய் என்பர். இவை யாவும் அன்பினால் வந்த பெயர்களே. அவற்றைப் பழித்தல் நம் கருத்தன்று. ஆயினும் அப்பெயர்களுள் ஒன்று ஒருநாள் திடீரென அறுந்து வீழுமாயின் அப்பெண் யார்? கணவன் அகன்றபின் மனைவி என்ற பெயருக்குப் பொருள் யாது? ஊரார் கொடுத்த பெயர்கள் எல்லாம் உதிர்ந்த பின்னும் உள்ளே உதிராது நிற்பது ஒன்று உண்டா? இவ்வினாவுக்குத் தத்துவ நூல்களில் விடை தேடலாம். ஒரு வாழ்க்கையின் வழியாக விடை தேடுவது இன்னும் எளிது. அத்தகைய வாழ்க்கை காரைக்காலம்மையாருடையது.

நாயன்மார் 63 பேருள் பெண்பாலார் மூவரே. பாண்டிமாதேவியாகிய மங்கையர்க்கரசியாரும், சுந்தரமூர்த்தி நாயனாரைப் பெற்றெடுத்த இசைஞானியாரும், காரைக்காலம்மையாரும் அவராவர். மூவருள்ளும் காலத்தால் முந்தியவர் அம்மையாரே. அப்பருக்கும் சம்பந்தருக்கும் முற்பட்டவர் அவர் என்பதும், கி.பி. 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்தவர் என்பதும் ஆராய்ச்சியாளர் பலரின் முடிபு. அவர் பாடிய நூல்கள் நான்கு பதினோராந் திருமுறையில் இடம்பெற்றுள்ளன. அற்புதத் திருவந்தாதி 101 பாடல்களும், திருவிரட்டைமணிமாலை 20 பாடல்களும், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் சேர்ந்து 22 பாடல்களும் ஆக 143 பாடல்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. தேவாரப் பதிகங்களுக்கு முன்னே எழுந்தமையாற்றான் அவருடைய பதிகங்கள் ‘மூத்த’ என்னும் அடைமொழியைப் பெற்றன. பதிகத்தின் இறுதியில் பாடினோர் தம் பெயரைப் பொறித்துப் பயனும் கூறும் மரபினைப் பிற்காலத்துச் சம்பந்தப் பெருமானின் பதிகங்களிலே பரக்கக் காண்கின்றோம். அம்மரபுக்கு வழிகாட்டியவர் ஒரு பெண்மணி என்பது நாம் மறக்கற்பாலதன்று.

அம்மையாரை அறிவதற்கு நமக்குள்ள சான்றுகள் இரு வகையின. ஒன்று அவரே பாடிய பாடல்கள். மற்றொன்று 12ஆம் நூற்றாண்டிலே, இரண்டாங் குலோத்துங்க சோழன் காலத்தில், சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணம். இவ்விரண்டுக்கும் இடையிலே ஏறக்குறைய 600 ஆண்டுகள் கிடக்கின்றன. ஆகவே வரலாறு கற்போன் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடாது, தனித்தனியே வைத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு பார்க்குமிடத்து ஓர் அரிய உண்மை புலனாகும். அதனைக் கூறுமுன் சேக்கிழார் கூறும் சரிதத்தைச் சுருக்கமாக நினைவுகூர்வோம்.

காரைக்கால் கடற்றுறைப் பட்டினம். வணிகர் மரபினர் வாய்மை தவறாது வாழ்ந்த ஊர். அங்கே தனதத்தன் என்னும் வணிகர் தலைவனுக்கு மகளாய்ப் பிறந்தவர் புனிதவதியார். நாகப்பட்டினத்து நிதிபதி என்பவனின் மகன் பரமதத்தன் அவரை மணந்தான். ஒரே மகளைப் பிரிய மனமில்லாத தந்தை, காரைக்காலிலேயே தனிமனை அமைத்து, பெரும் பொருளும் கொடுத்து அவர்களைக் குடியிருத்தினான். இல்லறம் இனிது நடந்தது. ஒருநாள் தன்னைக் காண வந்தோர் கொடுத்த மாங்கனிகள் இரண்டினைப் பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பி வைத்தான். அவ்வேளையிலே பசியால் வாடிய சிவனடியார் ஒருவர் வாயிலில் வந்து நின்றார். சோறு ஆகியிருந்தது, கறியமுது ஆகவில்லை. புனிதவதியார் ஒரு மாங்கனியைச் சோற்றுடன் படைத்து அடியாரின் பசியைப் போக்கினார்.

நண்பகலில் உணவுண்ண வந்த கணவன் எஞ்சிய கனியை உண்டு, சுவை மிகுதியால் மற்றதனையும் கேட்டான். அம்மையார் உள்ளே சென்று இறைவனை நினைந்து நிற்க, அவர் கையிலே ஒரு கனி வந்து சேர்ந்தது. அதன் சுவை வேறாயிருக்கக் கண்ட கணவன், இது எங்கே பெற்றது என்று வினவினான். இங்குதான் புனிதவதியாரின் வாழ்க்கை திரும்புகின்றது. இறைவன் செய்த அருளை வெளியிடுதல் தகாது. கணவனிடம் மறைத்தலும் தகாது. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே உரைப்பதே முறை எனத் துணிந்து உரைத்தார். அவன் நம்பவில்லை. அங்ஙனமாயின் இன்னுமொரு கனியை வருவித்துக் காட்டுக என்றான். கனி வந்தது, அவன் கையில் வாங்கியதும் மறைந்தது. பரமதத்தன் நடுங்கினான். இவர் மானுடப் பெண்ணல்லர், தெய்வம் என எண்ணி, அவரோடு கூடி வாழ அஞ்சினான். பின்பு கடல் வாணிகம் செய்யப் புறப்படுவதாகக் கூறி மரக்கலம் ஏறினான். பெரும்பொருள் ஈட்டித் திரும்பியவன் காரைக்காலுக்கு வரவில்லை. பாண்டி நாட்டுப் பட்டினம் ஒன்றிலே தங்கி, வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த பெண் குழந்தைக்குப் புனிதவதி என்றே பெயரும் சூட்டினான்.

இச்செய்தி காரைக்காலை எட்டியதும் சுற்றத்தார் கூடி ஆராய்ந்தனர். அம்மையாரைச் சிவிகையில் ஏற்றி அப்பட்டினத்துக்கு அழைத்துச் சென்றனர். பரமதத்தன் தன் இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் எதிர்வந்து, எல்லோரும் காணப் புனிதவதியாரின் அடிகளில் வீழ்ந்து வணங்கினான். கணவன் மனைவியை வணங்குவதாவது என்று சுற்றத்தார் திகைத்தனர். இவர் தெய்வமென்பதை முன்னரே உணர்ந்தேன், அதனாலன்றோ குழந்தைக்கு இப்பெயரிட்டேன், நீங்களும் வணங்குங்கள் என்றான் அவன். அவ்விடத்திலேதான் அம்மையார் இறைவனிடம் ஒரு வரம் வேண்டினார். இவன் பொருட்டுத் தாங்கிவந்த இத்தசைப் பொதியைக் கழித்து, உன் திருவடி போற்றும் பேய் வடிவினைத் தருக என்பதே அவ்வேண்டுதல். அவ்வாறே ஆயிற்று. சுற்றத்தார் அஞ்சி வணங்கி அகன்றனர். அம்மையார் பாடலானார்.

இக்கதையை நாம் சிறுவயது முதலே கேட்டிருக்கின்றோம். புராணபடனத்திலும் கேட்டோம்; 1852ஆம் ஆண்டிலே ஆறுமுகநாவலர் பெருமான் அச்சிட்ட பெரியபுராண வசனத்தின் வழியாகவும் அது நம் வீடுகளுக்குள் வந்தது. கேட்டுப் பழகிய காரணத்தால் அதிலுள்ள கூர்மை நமக்கு மழுங்கிவிட்டது. சற்றே நின்று நோக்குவோமாயின் மூன்று செய்திகள் நெஞ்சிலே தைக்கும்.

முதலாவது, புனிதவதியார் இல்லறத்தை வெறுத்து ஓடியவர் அல்லர். இல்லத்திலிருந்தே அடியாரைப் பேணினார். கணவனுக்குரியதைக் கணவனுக்குச் செய்தார். அவர் வீட்டைக் கைவிடவில்லை. வீடுதான் அவரைக் கைவிட்டது. அதற்குக் காரணமாயிருந்ததும் அவர் செய்த குற்றமன்று, சொன்ன மெய்யே. ஏதோ ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் அவ்வில்லறம் குலையாது நடந்திருக்கும். புனிதவதியார் என்ற வணிகர்குலப் பெண் ஒருத்தி செல்வத்தோடு வாழ்ந்து மறைந்திருப்பார். அகத்திலே ஒன்றும் புறத்திலே ஒன்றுமாக வாழ அவருக்கு இயலவில்லை.

இரண்டாவது, பரமதத்தன் தீயவன் அல்லன். அவன் வைது துரத்தவில்லை, வணங்கி விலகினான். ஆனால் வணங்குவதும் ஒருவகைக் கைவிடுதல் ஆகலாம் என்பதைச் சேக்கிழார் எவ்வளவு நுட்பமாகக் காட்டுகின்றார்! தெய்வம் என்று மேலே ஏற்றிவிட்டால், அருகிலிருந்து வாழ வேண்டிய கடமை நீங்கிவிடுகின்றது. பெண்ணைத் தெய்வமென்று மேடைகளிலே புகழ்ந்துவிட்டு, வீட்டிலே அவள் சொல்லுக்குச் செவிகொடாத வழக்கம் நம்மிடையே இல்லையென்று யார் கூறவல்லார்? காரைக்காலிலே பல காலம் ஒரு பெண் மனைகாத்துத் தனித்திருக்க, பாண்டி நாட்டிலே அவள் பெயரைச் சூடிய குழந்தை வளர்ந்தது. அவளுடைய பெயர் அங்கே போற்றப்பட்டது, அவளோ தனித்திருந்தாள்.

மூன்றாவது, சுற்றத்தாரும் நல்லவர்களே. பிரிந்த கணவனிடம் பெண்ணைச் சேர்ப்பித்தல் தம் கடமையென்று கருதியே சிவிகை எடுத்தனர். ஆனால், உன் உள்ளம் என்ன வேண்டுகின்றது என்று எவராவது புனிதவதியாரைக் கேட்டதாகச் சேக்கிழார் கூறவில்லை. தந்தை மணம் பேசினான்; கணவன் பிரிந்தான்; சுற்றத்தார் அழைத்துச் சென்றனர். எல்லோரும் அவருக்காக முடிவு செய்தனர். அவர் தமக்காகத் தாமே செய்த முடிவு, கூட்டத்தின் நடுவே நின்று இறைவனிடம் கேட்ட அந்த ஒரு வரமே.

இனி, முன்னே கூறுவதாகச் சொன்ன அரிய உண்மைக்கு வருவோம். அம்மையாரின் 143 பாடல்களையும் படித்துப் பாருங்கள். அவற்றிலே மாங்கனி இல்லை; பரமதத்தன் இல்லை; நாகப்பட்டினத்து மணவினை இல்லை; பாண்டி நாட்டுப் பட்டினம் இல்லை. புனிதவதி என்ற பெயரும் இல்லை. தம்மைக் குறிப்பிட அவர் வழங்கும் பெயர் ஒன்றே: காரைக்காற் பேய். பிற்காலத்துச் சுந்தரர், அடியார்களைத் தொகுத்துப் பாடிய திருத்தொண்டத்தொகையிலும் அவரைப் ‘பேயார்’ என்றே போற்றினார். காரைக்கால் மக்கள் இன்றும் ஆனித் திங்களிலே மாங்கனித் திருவிழா எடுத்து மாம்பழங்களை வாரி இறைக்கின்றனர். ஊர் மாங்கனியை நினைக்கின்றது. அவர் பாட்டு அதனை நினைக்கவில்லை.

அங்ஙனமாயின் அவர் தம்மைப்பற்றி எதனைச் சொன்னார்? அந்தாதியின் தொடக்கத்திலேயே சொல்லுகின்றார். பிறந்து, பேசக் கற்ற நாள்தொட்டே தம் காதல் இறைவன் திருவடியைச் சேர்ந்துவிட்டதென்கின்றார். அடுத்து, அவன் தம் துயரை நீக்காவிடினும், இரங்காவிடினும், செல்லும் வழி காட்டாவிடினும் தம் நெஞ்சு அவனிடத்து அன்பு நீங்காது என்கின்றார். இதனைச் சரிதத்தோடு ஒட்டவைத்துப் பாருங்கள். மகளாயிருந்தபோதும், மனைவியாயிருந்தபோதும், கைவிடப்பட்டுத் தனித்திருந்தபோதும், பேயுருக் கொண்டபோதும் மாறாத ஒன்றை அவர் சுட்டுகின்றார். நிலைகள் மாறின, நின்ற பொருள் மாறவில்லை. கணவனால் விலக்கப்பட்ட பின்னர் வேறு புகலின்றிப் பக்திக்கு வந்தவர் என்று எவரேனும் எண்ணுவாராயின், அம்மையாரே தம் முதற்பாட்டிலே அதனை மறுத்துவிடுகின்றார்.

மிஷன் பாடசாலையிலே பயின்ற என் போன்றோர் ஐரோப்பிய நாட்டு அருட்பெண்டிர் பலரின் சரிதங்களையும் கற்றிருக்கின்றோம். அசிசி நகரத்துக் கிளாரா 1212ஆம் ஆண்டிலே செல்வ மனையைத் துறந்து வெளியேறினார். ஆவிலா நகரத்துத் தெரேசா 1562ஆம் ஆண்டிலே புதிய மடம் நிறுவினார். அவர்களைப் போற்றவே நாம் கற்றோம், அது நன்றே. ஆயினும் அவர்களுக்குப் புகுவதற்கு ஒரு மடம் இருந்தது. ஒழுகுவதற்கு ஒரு விதி இருந்தது. உடன் உறையத் தோழியர் இருந்தனர். அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்னே வாழ்ந்த அம்மையாருக்கு இவற்றில் ஒன்றும் இருந்ததாகச் சரிதம் கூறவில்லை. சமுதாயத்திலே மனைவியும் அல்லாத, கைம்பெண்ணும் அல்லாத ஒருத்திக்கு வைக்க ஒரு பெயரும் இருக்கவில்லை. ஆதலால் பெயரைத் தாமே உண்டாக்கிக்கொண்டார். அதுவும் எப்பெயர்? எவரும் விரும்பாத பெயர். எவரும் போட்டியிட்டுப் பறிக்கமாட்டாத பெயர்.

இங்கே இளைஞர் சிலர் ஒரு தடை எழுப்பக்கூடும். பெண் தன் அழகையும் உடலையும் இழந்தாற்றான் அருள் பெற முடியுமா, இது பெண்மையைத் தாழ்த்துவதன்றோ என்பர். தடை தக்கதே. ஆயினும் அம்மையார் தம் மூத்த திருப்பதிகங்களிலே பேயின் வடிவை எவ்வாறு தீட்டுகின்றார் என்பதைக் கவனித்தல் வேண்டும். வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, சிவந்த தலைமயிர் என ஒவ்வொன்றையும் நட்டபாடைப் பண்ணிலே அமைத்துப் பாடுகின்றார். கள்ளி படர்ந்த சுடுகாடும், நரியும், கூகையும், பிணம் எரியும் தீயும் அவர் பாட்டில் வருகின்றன. அருவருப்பின் நிழல்கூட அங்கே இல்லை. ஏனெனில் அவ்விடத்திலேதான் அண்டம் நிறைந்தாடும் பெருமான் ஆடுகின்றான். உலகம் ஒதுக்கிய இடத்தையும் உலகம் வெறுத்த உருவத்தையும் இறைவன் ஒதுக்கவில்லை என்பதே அப்பதிகங்களின் பொருள். அவர் கழித்தது பெண்மையையன்று; பிறர் கண்ணுக்காகச் சுமந்த சுமையையே.

பெரியோருள் சிலர் வேறொரு தடை எழுப்பக்கூடும். இது பெண்கள் மனையறத்தை விட்டு நீங்குவதற்கு முன்மாதிரியாகாதோ என்பர். ஆகாது. எல்லோரும் கயிலைக்குத் தலையால் நடக்கப் பிறந்தவர் அல்லர். ஆயினும் எந்த நிலையில் இருப்பவரும், அந்நிலை மாறும்போது தம்மை இழந்துவிடாதபடி உள்ளே ஒன்றைப் பேணி வைத்திருத்தல் கூடும். மகள் மனைவியாவதும், மனைவி தாயாவதும், தாய் முதுமையில் தனித்து நிற்பதும் எல்லார் வாழ்விலும் வருவனவே. அம்மையார் காட்டும் வழி வீட்டை விட்டோடும் வழியன்று; வீட்டிலிருந்தும் தன்னை விட்டு ஓடாத வழி.

அவர் பெற்ற இறுதிப் பெயரையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். கயிலையிலே, காலால் மிதிக்கத் தகாத இடமென்று தலையால் நடந்துவந்த அவரைக் கண்டு உமையம்மையார் வியந்து வினவ, இவள் நம்மைப் பேணும் அம்மை என்றுரைத்த இறைவன், அவரை ‘அம்மை’ என விளித்தான் என்பர் சேக்கிழார். தாயும் தந்தையும் இல்லாத பெருமான், மகப்பேறு வாய்க்காத ஒருவரைத் தாயென்றான். அவர் அழியாத அன்பை வேண்டினார், பிறவாமை வேண்டினார், பிறப்பு உண்டாயின் மறவாமை வேண்டினார், ஆடும்போது அடிக்கீழ் இருந்து பாடவும் வேண்டினார். இறைவன் அவரைத் திருவாலங்காட்டுக்கு அனுப்பினான். ஐந்து சபைகளுள் இரத்தின சபை அதுவே. புனிதவதி என்பது பெற்றோர் இட்டது; மனைவி என்பது ஊரார் இட்டது; அம்மை என்பது இறைவன் இட்டது. பேய் என்பதொன்றே தாமே தேர்ந்தது. அதனைத் தேர்ந்த பின்னரே அம்மை என்ற பெயர் வந்தது என்ற முறைவைப்பு சிந்திக்கற்பாலது.

அவர் புகழ் ஒரு நாட்டளவில் அடங்கவில்லை. முதலாம் இராசேந்திரன் எடுத்த கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலில், ஆடும் பெருமானின் அடிக்கீழ் தாளம் போட்டுப் பாடும் அம்மையாரைக் கல்லிலே காணலாம். கம்போடியாவிலே 967ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பந்தியாய் சிரே கோயிலில், ஆடும் சிவனருகே மெலிந்த பெண்ணுருவொன்று செதுக்கப்பட்டுள்ளது. அதுவும் அம்மையாரே என்பது அறிஞர் பலர் கருத்து. நம் ஈழத்துக்கும் இச்சரிதத்தோடு தொடர்புண்டு. 11ஆம் நூற்றாண்டிலே சோழர் தலைநகராய் விளங்கிய பொலன்னறுவையிலே வானவன்மாதேவி ஈச்சரம் முதலிய சிவாலயங்கள் எழுந்தன. அந்நகரத்துச் சிவாலய இடிபாடுகளிற் கிடைத்த வெண்கலத் திருமேனிகளுள் காரைக்காலம்மையார் உருவமும் ஒன்று. விலாவெலும்பு தோன்ற, கையிலே தாளத்துடன் அமர்ந்த கோலம் அது. நம் நாட்டு மண்ணுக்குள்ளே பல நூற்றாண்டு கிடந்து வெளிப்பட்ட அவ்வுருவம், அம்மையாரை இந்நாட்டவர் அன்றே வழிபட்டனர் என்பதற்குச் சான்றாகும். 1956ஆம் ஆண்டிலே புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அவர் பாடல்களைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் வெளியிட்டது, மொழிபெயர்த்தவர் காரைவேலனார்.

இவ்வளவும் பழங்கதையாய் நின்றுவிடுமாயின் நாம் இதனை எழுதுவதாலோ படிப்பதாலோ பயனில்லை. நம் ஊர்களை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். 1983 முதல் 2009 வரை நீண்ட போரிலே கணவரை இழந்தோர் எத்தனை பேர்! காணாமற்போனவர் வருவாரோ மாட்டாரோ என்று, மனைவியுமின்றிக் கைம்பெண்ணுமின்றி வாழ்வோர் எத்தனை பேர்! சீதனம் இல்லாமையால் மணமாகாது இருந்து, தம்பி தங்கையரை ஆளாக்கிய அக்காமார் எத்தனை பேர்! திருமண வீட்டிலே அவர்களைப் பின்னே நிற்கச் சொல்லுகின்றோம். ஆலாத்தி எடுக்க அவர்களை அழைப்பதில்லை. நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது அவர்கள் எதிரே வரக்கூடாது என்கின்றோம். பின்பு கோயிலுக்குச் சென்று, கணவனால் விடப்பட்ட ஒரு பெண்ணின் திருவுருவின் முன்னே கைகூப்பி நிற்கின்றோம். நாயன்மார் வரிசையிலே ஏனையோர் நிற்க அவர் ஒருவரே அமர்ந்திருக்கக் காண்கின்றோம். கோயிலில் அமரவைத்தவரை வீட்டில் நிற்கவைப்பது எவ்வகைச் சைவம்?

அம்மையாரின் குருபூசை பங்குனிச் சுவாதியில் வருகின்றது. அந்நாளிலே அவர் அருளிய பதிகங்களை நம் சங்கத்திலே ஓதுவோம். அவற்றை ஓதுவதோடு இன்னொன்றும் செய்வோம். நாம் மங்கல காரியங்களிலே பின்னிறுத்திய தாய்மாரில் ஒருவர் அன்று குத்துவிளக்கின் முதற்றிரியை ஏற்ற வேண்டும் என்பது என் விண்ணப்பம். ஆனால் சுற்றத்தார் சிவிகை எடுத்ததுபோல நாமாக முடிவு செய்து அவரை அழைத்து வருதல் வேண்டா. முதலில் அவர் வீட்டுக்குச் செல்வோம். அமர்ந்து, அவர் விருப்பம் யாது என்று கேட்போம். அவர் சொல்வதைக் கேட்போம்.